மகாலட்சுமி மாடுதான், மச்சான்

அனுமந்தன்பட்டி,
வியாழக்கிழமை.

பெருமதிப்பிற்குரிய மச்சான் பாண்டியராஜன் அவர்களுக்கு, உங்கள் தங்கை சங்கிலியம்மாளைக் கைப்பிடித்த சுந்தரலிங்கம் தலைவணங்கி எழுதிக்கொள்வது. இங்கே நானும், உங்கள் தங்கையும், உங்கள் மருமகள் கயலும் சௌக்கியம். திருப்பூரில் நீங்களும் உமாதேவி அக்காவும் பிள்ளைகளும் ஒரு குறையுமில்லாமல் இருக்க கௌமாரியம்மன் துணை நிற்பாள். மகாலட்சுமியும் சௌக்கியம். அந்தப் பெயரைப் பார்த்ததும் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்கிறேன், மகாலட்சுமி மாடு.

நீங்கள் என் போனை எடுப்பதில்லை. வாட்ஸ்அப்பிலும் என்னைத் தடை செய்துவிட்டீர்கள். கடைசியாக நீங்கள் அனுப்பிய குரல் பதிவை இன்னும் வைத்திருக்கிறேன். "ஏலே மாப்ள, எந்தங்கச்சி குத்துக்கல்லாட்டம் உசுரோட இருக்கையில, எவளோ மகாலட்சுமியக் கட்டித் தோட்டத்து வீட்டுல வச்சிருக்கியாம்ல? நாலு வண்டி ஆளோட வாரேன், இருந்துக்க" என்று சொன்னீர்கள். பெரியவர் வாயால் வந்ததை நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. மகாலட்சுமியைக் கட்டியிருப்பது உண்மை, தோட்டத்து வீட்டில் கட்டியிருப்பதும் உண்மை. ஆனால் அது கயிற்றால் கட்டியது மச்சான், தாலியால் கட்டியதில்லை. இந்த ஒரு சொல்லால் மூன்று வாரமாக நான் பட்டபாட்டை முதலிலிருந்து எழுதினால்தான் உங்களுக்கு விளங்கும். தயவுசெய்து உட்கார்ந்து படியுங்கள்.

எல்லாம் ஹேஷ்டேக்கில் ஆரம்பித்தது. ஹேஷ்டேக் என்றால் குறுக்கே இரண்டு கோடு, நெடுக்கே இரண்டு கோடு, தாயக்கட்டம் போட ஆரம்பித்துப் பாதியில் விட்ட மாதிரி ஒரு அடையாளம். அதற்குப் பின்னால் வார்த்தைகளை இடைவெளியே விடாமல் ஒட்டி எழுத வேண்டும். இடைவெளி விட்டால் மதிப்பில்லையாம். அப்படி எழுதிவிட்டால் உலகத்தில் அதே வார்த்தையை எழுதிய எல்லோரும் ஒரே பந்தியில் உட்கார்ந்த மாதிரி ஆகிவிடுவார்களாம். நம் கயல் தேனிப் பக்கம் ஒரு கல்லூரியில் பாடம் எடுக்கிறாளே, ஒருநாள் வேலையிலிருந்து வந்தவள் யாரிடமும் பேசாமல் உள்ளே போய் இணையத்தில் என்னவோ எழுதினாள். எழுதி, அதற்குத் தலைப்பாக அந்தப் பாதித் தாயக்கட்டத்தைப் போட்டு "ஆண்கள்குப்பை" என்று ஒட்டி எழுதிவிட்டாள். மறுநாள் பொழுது விடிவதற்குள் ஆயிரக்கணக்கான பெண்கள் அதைத் திருப்பி எழுதியிருந்தார்கள். அதே அளவு ஆண்கள் வந்து "எல்லா ஆண்களும் இல்லை" என்று எழுதியிருந்தார்கள். எல்லா ஆண்களும் இல்லை என்று சொல்ல எல்லா ஆண்களும் வந்திருந்தார்கள் என்று கயல் சொன்னாள்.

எனக்கு மனசு வலித்தது, பொய் சொல்லவில்லை. டீக்கடையில் "என்ன சுந்தரலிங்கம், உம்ம மக உம்மையும் சேத்துத்தான் சொல்லியிருக்காளா?" என்று கேட்டார்கள். நான் கயலிடம் போய், "ஏத்தா, ஆம்பளைன்னா உங்கப்பனும் வருவேன்ல?" என்று கேட்டேன். "அப்பா, அது உங்களச் சொன்னதில்ல. ஒரு வர்க்கத்தச் சொன்னது" என்றாள். நான் எந்த வர்க்கத்தில் இருக்கிறேன் என்று கேட்கப் பயமாக இருந்தது, தோட்டத்துக்குப் போய்விட்டேன்.

ஊர் வாயைக்கூடச் சமாளித்திருப்பேன், எதிர்ப்பு உங்கள் தங்கையிடமிருந்து வந்ததுதான் வினை. சங்கிலியம்மாளுக்கு மகளிர் குழு மூலம் ஒரு நல்ல போன் வந்திருப்பது உங்களுக்குத் தெரியும். குழுத் தலைவி முனீஸ்வரி அதில் எல்லோருக்கும் கணக்குத் தொடங்கிக் கொடுத்திருந்தாள். உங்கள் தங்கை மகள் எழுதிய தலைப்பைப் பார்த்துவிட்டு இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்தாள். ஆண்களைத் திட்டியதற்காக இருக்கும் என்று நான் நினைத்துச் சந்தோஷப்பட்டேன். மூன்றாம் நாள் அவளே எழுதினாள்: "குப்பைய ஏன் அசிங்கப்படுத்துறீக? எருவுக்கு ஒரு டிராக்டர் குப்பை கெடைக்காம சம்சாரி நாயா அலையிறான். குப்பை அடிச்சாக் கொடி காய்க்கும். ஆம்பளைய அடிச்சா என்ன காய்க்கும்?" அதற்குக் கீழே அவளும் ஒரு பாதித் தாயக்கட்டம் போட்டு "குப்பையைஇழிவுசெய்யாதே" என்று எழுதிவிட்டாள்.

மச்சான், மகள் எழுதியதைவிட இது இரண்டு மடங்கு ஓடியது. சென்னையிலும் பெங்களூரிலும் வெளிநாட்டிலும் இருக்கிற படித்த பெண்கள் எல்லாம் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். ஒரு கட்சி உங்கள் தங்கையை மண்ணின் குரல் என்றது. ஏசி அறையில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு எருவின் அருமை எப்படித் தெரியும், உழைக்கும் பெண்களைக் கேட்காமல் யார் இந்த ஹேஷ்டேக்கைப் போடச் சொன்னது என்று கேட்டது. இன்னொரு கட்சி, உங்கள் தங்கை பேசுவது "உள்வாங்கிய ஆணாதிக்கம்" என்றது. நான் உள்வாங்கிய என்றதும் கிணற்று மேடு சரிந்துவிட்டதோ என்று ஓடிப்போய்ப் பார்த்தேன். கிணறு நன்றாகத்தான் இருந்தது. மூன்றாவதாக ஒரு கட்சி முளைத்து, தாயும் மகளும் இப்படிப் பொதுவில் சண்டை போட்டால் லாபம் யாருக்கு என்று கேட்டது. அந்தக் கட்சியை முதல் இரண்டு கட்சியும் சேர்ந்து அடித்துவிட்டன. அந்த ஒரு விஷயத்தில்தான் வீட்டில் ஒற்றுமை இருந்தது.

வீட்டு நிலைமையைக் கேளுங்கள். அடுப்படியில் நிற்கிற தாயும் கூடத்தில் நிற்கிற மகளும் நேருக்கு நேர் பேசுவதில்லை. இவள் போனில் எழுதுவாள், அவள் போனில் டிங் என்று சத்தம் வரும். அவள் பதில் எழுதுவாள், அடுப்படியில் டிங் என்று கேட்கும். சோறு வெந்துவிட்டதா என்பதை மட்டும் என் மூலமாகக் கேட்டுக்கொண்டார்கள். "உங்க மகளச் சாப்புட வரச் சொல்லுங்க." "உங்க சம்சாரத்துகிட்ட எனக்குப் பசிக்கலைன்னு சொல்லுங்க." நான் நடுவில் நின்றுகொண்டு இரண்டு பக்கமும் ஒப்பித்தேன்.

பிறகு, இரு தரப்பையும் வைத்து இணையத்தில் நேரடி விவாதம் ஒன்று நடத்த ஏற்பாடு செய்தார்கள். முகம் தெரியாது, குரல் மட்டும் கேட்கும். மைக் கிடைத்தவர்தான் பேச முடியும், மற்றவர்கள் கேட்கலாம். "ஆண்கள் குப்பையா? ஒரு தோழமை உரையாடல்" என்று பெயர் வைத்தார்கள். கயல் மாடியிலிருந்து பேசினாள், உங்கள் தங்கை முனீஸ்வரி வீட்டிலிருந்து பேசினாள். நான் பன்னீர்த் திராட்சைக் கொடிக்கு மருந்து அடித்துக்கொண்டிருந்தேன். குடும்பம் பேசுவதைக் கேட்காமல் இருக்க முடியுமா? போனைச் சட்டைப்பையில் போட்டுக் கேட்டுக்கொண்டே வேலை பார்த்தேன். உங்கள் தங்கை என்னமாய்ப் பேசினாள் தெரியுமா! எனக்கே கைதட்டலாம் போல இருந்தது. சத்தத்தைக் கூட்டலாம் என்று மருந்து ஈரக் கையோடு போனைத் தடவினேன். எதில் பட்டதோ, அந்தப்பக்கம் விவாதம் நடத்திய பெண், "ஒரு விவசாயத் தோழர் கைதூக்கியிருக்கிறார், அவர் குரலையும் கேட்போம்" என்று மைக்கை எனக்குத் திறந்துவிட்டாள். சத்தியமாக எனக்கு அது தெரியாது.

அந்த நேரம் பார்த்து, நம் தோட்டத்தில் வேலை செய்கிற ராக்கையா தூரத்திலிருந்து கத்தினான். "அண்ணே! மகாலட்சுமி ஒரேயடியாக் கத்துறா! அவுத்து விட்டுரவா?"

"அவுத்து விடாதலே! நேத்து அவுத்து விட்டதுக்கு எவந்தோட்டத்துலயோ பூந்து மேஞ்சுட்டு வந்துருக்கா. வெளிய தலகாட்ட முடியல."

"பாவமா இருக்குண்ணே. கண்ணுல தண்ணியா ஊத்துது."

"ஊத்தட்டும். எங்கன கட்டியிருக்க?"

"தோட்டத்து வீட்டுலதாண்ணே."

"கயித்தச் சுருக்கிக் கட்டு. நாளைக்கு டாக்டரு வாராக. ஒரு ஊசியப் போட்டா அடங்கிருவா."

மச்சான், எண்ணூறு பேர் கேட்டுக்கொண்டிருந்தார்களாம். போனில் சத்தமே இல்லை. சிக்னல் போய்விட்டது என்று நினைத்து எடுத்துப் பார்க்கிறேன், உங்கள் தங்கை குரல் வருகிறது: "அடப்பாவி மனுசா! மைக்க அமத்துய்யா! எல்லாருக்கும் கேக்குது!" அவள் நல்லதுக்குத்தான் சொன்னாள். ஆனால் கேட்டவர்கள், பொண்டாட்டிக்கும் தெரிந்துதான் நடக்கிறது, வெளியே தெரியக்கூடாது என்று பார்க்கிறார்கள் என்று முடிவு கட்டிவிட்டார்கள். நான் போனை அணைக்கத் தெரியாமல் மருந்து டிரம்முக்குள் போட்டுவிட்டேன், ராக்கையாதான் எடுத்துத் துடைத்து அதற்கு உயிர் கொடுத்தான்.

சாயங்காலத்துக்குள் புது ஹேஷ்டேக் வந்துவிட்டது. "மகாலட்சுமியைஅவிழ்த்துவிடு." நேற்றுவரை இரண்டாய் மூன்றாய்ப் பிரிந்திருந்த கட்சிகள் எல்லாம் இதில் ஒன்றாகிவிட்டன. கயல் பதறிப்போய் "அது எங்கள் வீட்டு மாடு" என்று எழுதினாள். ஒருத்தரும் நம்பவில்லை. "காலையில் ஆண்கள் குப்பை, மாலையில் பெண்கள் மாடா?" என்று கேட்டார்கள். "ஊர் ஆண்கள் எல்லாம் குப்பை, சொந்த அப்பா மட்டும் சந்தனமா?" என்று கேட்டார்கள். அதுவரை அவளைத் தலைக்கு மேல் தூக்கி வைத்துக் கொண்டாடியவர்கள்தான் அப்படிக் கேட்டது. பிள்ளை போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சுவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதைப் பார்த்த உங்கள் தங்கை ஒரு தட்டில் சோற்றைப் போட்டு, என்னிடம் கொடுக்காமல், அவளே கொண்டுபோய் மகள் பக்கத்தில் வைத்தாள். வைத்துவிட்டு வந்துவிட்டாள். நம் சொந்தக்காரர்கள் காதுக்கு இந்தச் சேதி எட்டியதும் அன்றைக்குத்தான். சென்னைக்காரர்கள் "கட்டியிருக்கிறான்" என்றால் கயிறு என்று நினைத்தார்கள், நம் ஆட்கள் தாலி என்று நினைத்தார்கள். உங்கள் குரல் பதிவும் அன்றைக்குத்தான் வந்தது.

மறுநாள் காலையில் வாசலில் போலீஸ் ஜீப். மகளிர் ஸ்டேஷனிலிருந்து எஸ்.ஐ. அம்மா, சாராள் என்று பெயர், இரண்டு பெண் காவலர்களோடு இறங்கினார்கள். ஜீப்பை விட அதிகக் கூட்டம் அதற்குப் பின்னால் வந்தது. நான் சட்டையைத் திருப்பிப் போட்டிருந்ததுகூட எனக்குத் தெரியவில்லை.

"மகாலட்சுமிங்கிறது யாரு?" என்று கேட்டார்கள்.

"எங்க வீட்டு மாடும்மா."

"அதை நாங்க பாத்துச் சொல்லுறோம். எங்கன இருக்காக?"

மரியாதையாகக் கேட்டார்கள் மச்சான், மாட்டுக்கும் சேர்த்து. தோட்டத்து வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போனேன். மகாலட்சுமி வைக்கோலை மென்றுகொண்டு எஸ்.ஐ. அம்மாவை ஏற இறங்கப் பார்த்தாள். எஸ்.ஐ. அம்மாவும் அவளைப் பார்த்தார்கள். "இதுதான் மகாலட்சுமின்னு எப்படி நம்புறது? கூப்புடுங்க பாப்போம்" என்றார்கள். நான் கூப்பிட்டேன். திரும்பவில்லை. இன்னும் சத்தமாகக் கூப்பிட்டேன். வாலைக்கூட ஆட்டவில்லை. கூட்டத்தில் ஒருவன், "ஐயய்யோ, உண்மையிலேயே வேற ஆளுதான் போல" என்றான். அப்போது உங்கள் தங்கை வேலிப் பக்கத்திலிருந்து, "ஏய் மகாலட்சுமி, இங்கன பாருடி" என்று சாதாரணமாகத்தான் சொன்னாள். அந்த மூதேவி கயிற்றை இழுத்துக்கொண்டு "அம்மா" என்று ஊரதிரக் கத்தினாள். எஸ்.ஐ. அம்மாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "டாக்டரு ஊசின்னீகளே?" என்றார்கள். "சினை ஊசிம்மா" என்றேன். அதற்குமேல் அவர்கள் அதைப் பற்றிக் கேட்கவில்லை.

வாசலில் நாற்காலி போட்டு மோர் கொடுத்தோம். கயல் மாட்டைப் படம்பிடித்து, காதில் இருக்கிற மஞ்சள் அடையாள வில்லையோடு இணையத்தில் போட்டாள். இதோடு முடிந்தது என்று நான் மூச்சு விட்டேன். மோர்ச் சொம்பு காலியாவதற்குள் பதில்கள் வர ஆரம்பித்துவிட்டன. மாட்டுக்கு ஏன் பெண் பெயர் வைத்தீர்கள் என்று ஒருத்தி கேட்டாள். பசுவும் பெண்தானே, அவளை மட்டும் ஏன் கட்டிப்போட வேண்டும் என்று இன்னொருத்தி. பால் கறப்பதே ஆணாதிக்கம், நான் பாதாம் பால்தான் குடிக்கிறேன் என்று மூன்றாவதாக ஒருத்தி. கயல் அதைப் படித்துச் சொன்னதும் உங்கள் தங்கை மிகவும் அக்கறையாகக் கேட்டாள்: "பாதாமக் கறக்க எத்தன மணிக்கு எந்திரிக்கணுமாம்?" கயலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூன்று வாரத்தில் தாய் சொன்னதற்கு மகள் சிரித்தது அதுதான் முதல் தடவை.

எஸ்.ஐ. அம்மாவும் சிரித்தார்கள். சிரித்து முடித்து, தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, "சரி பாப்பா. மாட்டு வெவகாரம் முடிஞ்சது. இதெல்லாம் எங்கனருந்து ஆரம்பிச்சது? பஸ்ஸுல ஒன்னைய இடிச்சான்னு எழுதியிருந்தியே, அந்தாளு யாருன்னு தெரிஞ்சதா?" என்று கேட்டார்கள்.

"எந்த ஆளு?" என்றாள் உங்கள் தங்கை.

"எந்த பஸ்ஸு?" என்றேன் நான்.

கயல் எங்கள் இரண்டு பேரையும் பார்த்தாள். "நீங்க அதைப் படிக்கவே இல்லையா?" என்றாள்.

மச்சான், போனில் தலைப்பும் முதல் வரியும்தான் தெரியும். "மேலும் படிக்க" என்று கீழே ஒரு இடம் இருக்கிறது, அதைத் தொட்டால்தான் மற்றது விரியும். நாங்கள் தொடவில்லை. ஊரெல்லாம் படித்ததைப் பெற்றவர்கள் படிக்கவில்லை. உங்கள் தங்கை மகள் கையில் போனைக் கொடுத்து, "நீயே படி, கேக்குறேன்" என்றாள். கயல் படித்தாள். கம்பத்திலிருந்து தேனி போகிற காலை பஸ்ஸில் ஒரு ஆள் தினமும் அவள் பக்கத்தில் வந்து நிற்கிறான். வெள்ளைச் சட்டை, கையில் தோல் பை, பார்த்தால் பெரிய மனுசன். பஸ் ஆடாவிட்டாலும் அவன் ஆடுகிறான். ஒருநாள் கை வைத்துவிட்டான். இவள் சத்தம் போட்டிருக்கிறாள். பஸ் முழுக்க ஆட்கள். "கூட்டம்னா அப்பிடித்தாம்மா இருக்கும்", "காலேசு டீச்சரு இப்பிடிக் கத்தலாமா?", "காரு வாங்கிக்கம்மா" என்று ஆளுக்கொன்று சொல்லியிருக்கிறார்கள். ஒரே ஒரு ஆள்கூட அவனை நகரச் சொல்லவில்லை. இவள்தான் பாதி வழியில் இறங்கி வெயிலில் நின்று அடுத்த பஸ் பிடித்திருக்கிறாள். கடைசி வரி இப்படி இருந்தது: "அவன் ஒருவனுக்காக நான் இந்த வார்த்தையை எழுதவில்லை. வேடிக்கை பார்த்த நாற்பது பேருக்காக எழுதுகிறேன்."

நானும் தேனிச் சந்தைக்கு அதே பஸ்ஸில் எத்தனையோ முறை போய்வந்தவன்தான். உங்கள் தங்கை கேட்டது ஒன்றுதான். "ஏத்தா, எங்கிட்டச் சொல்லலாம்ல?"

"சொன்னா பஸ்ஸுல போகாத, வேலைய விட்டுருன்னு சொல்லுவீக."

உங்கள் தங்கை மறுக்கவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "அந்த பஸ்ஸு எத்தன மணிக்கு இங்கன வரும்?" என்று மட்டும் கேட்டாள். எஸ்.ஐ. அம்மா தொப்பியை மாட்டிக்கொண்டே, "அடிதடி ஒண்ணும் வேணாம். உத்தமபாளையம் பஸ் ஸ்டாண்டுல நான் நிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

மறுநாள் காலை அந்த பஸ்ஸில் மகளிர் குழு மொத்தமும் ஏறியது. ஆளுக்கொரு திராட்சைக் கூடை. என்னையும் அழைத்துக்கொண்டு போனார்கள். எனக்கும் ஒரு கூடையைக் கொடுத்து, "ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டுப் பின்னால நில்லுங்க. நீங்களும் ஆம்பளைதான்" என்று முனீஸ்வரி சொன்னாள். நின்றேன். கயல் வழக்கம்போல நடுவில் நின்றாள். அந்த ஆளும் வந்து வழக்கம்போல அவள் பக்கம் நகர்ந்தான். கயல் தலையை ஆட்டினாள், அவ்வளவுதான். எங்கிருந்து வந்தார்கள் என்று தெரியவில்லை, நான்கு பக்கமும் கண்டாங்கிச் சேலையாக இருந்தது.

"என்னண்ணே, நிக்க முடியலையா? ரொம்ப ஆடுறீகளே" என்றாள் உங்கள் தங்கை. குரலில் அவ்வளவு பரிவு. "ஏ புள்ள, அண்ணனுக்கு எடம் விடுங்க, உக்காரட்டும்." நடு இருக்கையில் அவனை உட்கார வைத்து, மடியில் ஒரு கூடையை வைத்தாள். "புடிங்க. ரெண்டு கையும் கூடையில இருக்கட்டும். பன்னீர்த் திராச்ச, நசுங்கிரும்."

"நான் ஒண்ணும் பண்ணலையே" என்றான் அந்த ஆள்.

"நாங்க ஒண்ணும் கேக்கலையே" என்றாள் முனீஸ்வரி. முதல் கூடைக்கு மேலே இரண்டாவது கூடையை வைத்தாள்.

கண்டக்டர் வந்து, "ஏத்தா, பிரச்சன பண்ணாம விட்டுருங்க" என்றார். உங்கள் தங்கை திரும்பி, "தம்பி, எம்மக அன்னைக்குக் கத்துனப்ப இதையே அந்தாளுகிட்டச் சொன்னியா?" என்று கேட்டாள். "அன்னைக்கு நான் லீவுக்கா" என்று சொல்லிவிட்டு அவர் முன்பக்கம் போய்விட்டார். அப்போதுதான் மச்சான், முன் இருக்கையில் இருந்த ஒரு பெரியவர் எழுந்து, "நான் அன்னைக்கு இருந்தேன் தாயி. பாத்தேன். வாயத் தொறக்கல. சாட்சி சொல்லணும்னா இப்ப வாரேன்" என்றார். கயல் அவரைப் பார்த்த பார்வையை எனக்கு எழுதத் தெரியவில்லை. உத்தமபாளையத்தில் எஸ்.ஐ. அம்மா ஏறி, மூன்றாவது கூடைக்குப் பின்னாலிருந்து அவனைத் தோண்டி எடுத்து இறக்கினார்கள். கயல் தன் கையாலேயே புகார் எழுதிக் கொடுத்தாள். பெரியவரும் கையெழுத்துப் போட்டார். வழக்குப் பதிவாகியிருக்கிறது. திராட்சையில் ஒரு பழம்கூட நசுங்கவில்லை.

அன்றைக்குத் தாயும் மகளும் அடுப்படியில் ஒன்றாக உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டே பேசினார்கள், வாயால். "அந்தாளு குப்பையாத்தா?" என்று கேட்டாள் தாய். "குப்பைன்னா எருவாகும்னு நீதானம்மா சொன்ன. இவன் எதுக்காவான்?" என்றாள் மகள். கடைசியில் ஒரு உடன்பாட்டுக்கு வந்தார்கள். ஊராட்சி வண்டியில் பச்சைத் தொட்டியும் நீலத் தொட்டியும் வைத்துப் பிரிக்கிறார்களே, அதே மாதிரி ஆண்களிலும் மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று பிரித்துவிடுவது. வேடிக்கை பார்த்துவிட்டுப் பிறகு சாட்சி சொல்ல வருகிறவர் மக்கும் குப்பை, பஸ் ஆடாமலேயே ஆடுகிறவன் மக்காத குப்பை. "அப்பாவ எதுல சேக்கலாம்?" என்று கயல் கேட்டாள். உங்கள் தங்கை ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "உங்கப்பா மக்குத்தான்" என்றாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. மறுநாள் பல் விளக்கும்போதுதான், அவள் மக்கும் என்று சொன்னாளா, மக்கு என்று சொன்னாளா என்று சந்தேகம் வந்தது. இன்னும் கேட்கவில்லை.

ஆகவே மச்சான், நடந்தது இவ்வளவுதான். என் வீட்டில் மகாலட்சுமி என்ற பெயரில் எந்தப் பெண்ணும் இல்லை, இருந்ததும் இல்லை, இனி இருக்கப்போவதும் இல்லை. இதைக் கௌமாரியம்மன் மேல் ஆணையாக எழுதுகிறேன். என் வீட்டு வாசலை எந்த நேரம் வேண்டுமானாலும் வந்து பாருங்கள், ஒவ்வொரு அறையாகத் திறந்து பாருங்கள். நாலு வண்டி ஆள் வேண்டாம், நீங்களும் அக்காவும் வந்தால் போதும். வரும்போது வாட்ஸ்அப்பில் என் தடையையும் நீக்கிவிடுங்கள். உங்கள் தங்கை உங்களுக்குப் பாசத்தையும், கயல் தாய்மாமனுக்கு வணக்கத்தையும் சொல்லச் சொன்னார்கள். பெரியவர்களுக்கு என் கும்பிடு, சின்னவர்களுக்கு என் ஆசி, கோபமாக இருப்பவர்களுக்கு இரண்டும்.

இப்படிக்கு,
என்றும் உங்கள் சொல்லுக்குக் கட்டுப்பட்ட
சுந்தரலிங்கம்.

பின்குறிப்பு: மச்சான், கடிதத்தை உறையில் போட்டு ஒட்டப் போகும்போது வாசலில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. சென்னையிலிருந்து ஒரு பொண்ணு, கயல் வயதுதான் இருக்கும், பெரிய பையோடு இறங்கினாள். அந்த ஹேஷ்டேக்கை எழுதியவர்களில் இவளும் ஒருத்தியாம், விசாரிக்காமல் எழுதிவிட்டோமே என்று நேரிலேயே மன்னிப்புக் கேட்க வந்தாளாம். என் காலில் விழப் போனாள், நான் நகர்ந்துகொண்டேன். உங்கள் தங்கைக்கு அவளை மிகவும் பிடித்துவிட்டது. திராட்சை அறுப்பு முடியும்வரை இங்கேதான் இருக்க வேண்டும் என்று பையை வாங்கி உள்ளே வைத்துவிட்டாள். வீட்டில் இடம் காணாது என்று, தோட்டத்து வீட்டில் ஒரு கட்டிலைப் போட்டுக் கொடுக்கும்படி என்னிடம் சொல்லியிருக்கிறாள். பேர் என்னம்மா என்று கேட்டேன். சொன்னாள். கேட்டதும் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். மேலே ஆணையிட்டு எழுதிய பாராவை மட்டும் படிக்காத மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். தயவுசெய்து இந்த மாதம் வர வேண்டாம்.